தெக்கினியில் பூட்டியிருந்த தமிழ்

2024 ஆகஸ்டில் ‘மணிச்சித்ரத்தாழ்’ 4கே வடிவில் மீண்டும் திரைக்கு வந்தபோது, மட்டாஞ்சேரியிலிருந்து சில மாணவர்களோடு எர்ணாகுளம் சென்று அதை முதன்முறையாகப் பெரிய திரையில் பார்த்தேன். அரங்கில் இருந்தவர்களில் பாதிப்பேர் படம் வெளியான 1993-க்குப் பிறகு பிறந்தவர்கள். குதிரவட்டம் பப்பு வாய் திறக்கும் முன்பே அவர் பேசவேண்டியதை அவர்கள் பேசினார்கள். இன்னொசென்ட் திரையில் தோன்றிய கணமே சிரித்தார்கள். ஆனால் கணவன் வெளியே போகவேண்டாம் என்று தடுக்க, கங்கையின் குரல் மலையாளத்திலிருந்து மெல்ல வழுவித் தமிழுக்குள் இறங்கும் அந்தக் காட்சியில் அரங்கு முழுவதும் அடங்கிப்போயிற்று. மனப்பாடமாகத் தெரிந்த காட்சிக்கு ஒரு கூட்டம் அஞ்சுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் ஒரு மாணவர், “‘கீதாஞ்சலி’யையும் இப்படித் திரும்பக் கொண்டுவருவார்களா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதுகிறேன் என்று அன்று வாக்களித்தேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். பதிவு சற்று நீளம்.

‘கீதாஞ்சலி’ 2013 நவம்பரில் வந்தது. அதே மோகன்லால், அதே மருத்துவர் சன்னி. இயக்கியவர் பிரியதர்ஷன். இந்தக் கதையோடு அவரைவிட நெருக்கமான வேறோர் இயக்குநர் அப்போது இருந்திருக்க முடியாது. பாசில் 1993-இல் மூலப்படத்தை எடுத்தபோது சிபி மலயில், சித்திக்–லால் ஆகியோருடன் இரண்டாம் குழுவின் இயக்குநராகப் பணியாற்றியவர். 2007-இல் ‘பூல் புலையா’ என்று அதை இந்திக்குக் கொண்டுசென்றவர். நகைச்சுவையில் அவருக்கு ஈடு சொல்ல மலையாளத்தில் சிலரே உண்டு. இவ்வளவு இருந்தும் படம் ஏன் நினைவில் நிற்கவில்லை? பேய் பயமுறுத்தவில்லை, சிரிப்பு எடுபடவில்லை என்று வெளியான நாளிலேயே எழுதிவிட்டார்கள். அவை உண்மைதான். ஆனால் அவை நோயின் அறிகுறிகள் என்றே எனக்குப் படுகிறது. நோய் வரலாற்றில் இருக்கிறது.

முதற்படத்தின் கதையை நினைவுகூர்வோம். மாடம்பள்ளி என்னும் பழைய தறவாட்டில் தெக்கினி என்னும் தெற்குக்கட்டு பூட்டிக் கிடக்கிறது. காரணவர் சங்கரன் தம்பி தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்னும் நடனக்காரியைக் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தார். அவளுக்கோ எதிர்வீட்டு ராமநாதனிடம் காதல். துர்க்காஷ்டமி இரவில் தம்பி அவளைக் கொன்றார். பல தலைமுறைக்குப் பின் அவ்வீட்டுக்கு மருமகளாக வரும் கங்கை அந்தக் கதையைக் கேட்கிறாள், அறையைத் திறக்கிறாள், அந்த உடைமைகளைத் தொட்டுப் பார்க்கிறாள், கடைசியில் நாகவல்லியாகவே ஆகிவிடுகிறாள். மருத்துவர் சன்னியின் விளக்கப்படி பேய் என்று ஒன்றில்லை. தனிமையில் கழிந்த குழந்தைப்பருவத்தைச் சுமந்த ஒரு மனம், தன்னைவிடப் பெரிய ஒரு துயரத்தைக் கண்டு அதற்குள் குடியேறிவிட்டது.

வரலாறு படிப்பவர்களுக்கு இதில் ஒன்று உடனே உறைக்கும். கங்கை செய்வதெல்லாம் ஆய்வாளர் செய்வதுதான். வாய்மொழி கேட்கிறாள், பூட்டிய அறையைத் திறக்கிறாள், பொருள்களிலிருந்து ஒருத்தியின் வாழ்வைக் கட்டி எழுப்புகிறாள். நாம் அடிக்குறிப்போடு நிறுத்திக்கொள்கிறோம், அவளால் நிறுத்த முடியவில்லை, அவ்வளவே.

கதையின் வித்து, ஹரிப்பாட்டை அடுத்த முட்டத்தில் ஆலும்மூட்டில் மேடை என்னும் வீட்டில் 1921-இல் நடந்த கொலை என்பது பரவலாகச் சொல்லப்படுகிறது. செல்வம் மிக்க ஈழவர் குடும்பம். கொலையுண்டவர்கள் காரணவரும் ஒரு பணிப்பெண்ணும். அதே ஊர்க்காரரான மது முட்டம் அதைத் திரைக்கதையாக்கியபோது வீடு உயர்சாதித் தறவாடாயிற்று. பணிப்பெண் தஞ்சாவூர் நடனக்காரியானாள். முதல் மாற்றத்தைப் பற்றிக் கேரளத்தில் போதுமான அளவு பேசியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றித் தமிழர்களாகிய நாம்தான் பேசியிருக்கவேண்டும்.

ஏன் தஞ்சாவூர்? மட்டாஞ்சேரி அரண்மனைக்குள் நுழைந்தால் போர்த்துகீசியர் 1555-இல் கட்டி வீரகேரள வர்மருக்கு அளித்தது, 1663-க்குப் பின் டச்சுக்காரர் பழுதுபார்த்தது என்றெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். பள்ளியறைச் சுவரில் இராமாயணம். முடிசூட்டு மண்டபத்தில் கொச்சி மன்னர்களின் முழு உருவ ஓவியங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆடியவர்கள், பாடியவர்கள் எவருக்கும் அங்கே படம் இல்லை. எந்த அரண்மனையிலும் பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் அரசவைகளுக்கிடையே கலைஞர்கள் இடம் மாறியது மட்டும் ஐயமற்ற செய்தி. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு திருவிதாங்கூர் சென்று சுவாதித் திருநாளிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். (நகைச்சுவை நடிகர் வடிவேலுவும் இக்கட்டுரைக்குள் வருவார், குழம்பவேண்டாம்.) 1855-இல் சிவாஜி மன்னர் வாரிசின்றி இறக்க, தஞ்சை அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதன்பின் சதிர் ஆடியவர்களுக்கும் நட்டுவனார்களுக்கும் வேறு புரவலர்களைத் தேடுவதைத் தவிர வழியில்லை.

இதில் மிகத் தெளிவான சான்று கேரளத்தில் இல்லை, பரோடாவில் இருக்கிறது. 1880-இல் தஞ்சை அரச குடும்பத்துப் பெண் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாடுக்கு மணம் முடிக்கப்பட்டபோது, கௌரி, காந்திமதி என்னும் இரண்டு நடனக்காரிகளும் நட்டுவனார்களும் சீதனத்தின் பகுதியாகவே அனுப்பப்பட்டார்கள். சீதனம் என்ற சொல்லின் மேல் சற்று நின்று யோசியுங்கள். பாத்திரம், நகை, யானை, ஆடுபவள். அவர்கள் அங்கே அரசவை ஊதியத்தில் ஆடினார்கள், மூப்படைந்தார்கள். காந்திமதியின் மகன் குபேர்நாத் தஞ்சோர்கர் நடன ஆசிரியராகப் பெயர் பெற்றார். ‘தஞ்சோர்கர்’ என்றால் தஞ்சாவூர்க்காரர் என்று பொருள். அந்நிய நிலத்தில் ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. நாகவல்லிக்கு வாய்க்காதது இதுதான். அவளுக்குப் பின் அவள் ஊரைச் சொல்ல யாருமில்லை. சொல்ல ஆளில்லாதவள் பேயானாள்.

முதற்படத்தைப் பயங்கரமாக்குவது இந்த மொழிப் பிரச்சினை. நாகவல்லி தமிழில்தான் கோபப்படுகிறாள். அவளுக்கான தமிழ் வரிகளை வாலி எழுதினார். பிச்சு திருமலையின் பாட்டு ஒன்றுக்கு எம். ஜி. ராதாகிருஷ்ணன் தேர்ந்த ராகம் ஆகிரி. காலையில் பாடினால் அன்று சோறு கிடைக்காது என்று வித்துவான்கள் அஞ்சும் ராகம் அது. எடுத்த இடங்களும் பொருத்தமானவை: பாதி, கொச்சி அரசர்களின் திருப்பூணித்துறை ஹில் பேலஸ், பாதி, பத்மநாபபுரம் அரண்மனை. பின்னது 1956 முதல் தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருப்பது. இரு மொழிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு கதைக்கு இதைவிட ஏற்ற வீடு கிடைத்திருக்காது.

குரலின் கதை இன்னும் கூர்மையானது. ஷோபனாவுக்கு இந்தப் படம் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. கங்கையின் மலையாளக் குரல் பாக்கியலட்சுமியுடையது. நாகவல்லியின் குரலும் அவருடையதே என்றுதான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் நம்பினார்கள். நாகவல்லிக்குக் குரல் தந்தவர் துர்கா என்னும் தமிழ்ப் பின்னணிக் குரற்கலைஞர் என்பதை 2016-இல்தான் பாசில் எழுதி வெளிப்படுத்தினார். கேரளத்து வீட்டில் பெயரின்றி அடைபட்ட தமிழ்ப் பெண்ணின் கதையில், அவளைப் பேசவைத்த தமிழ்ப் பெண்ணின் பெயரும் இருபத்து மூன்று ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று நீங்கள் கண்டித்திருப்பீர்கள்.

இனி மறுஆக்கங்கள். இங்கேதான் வேடிக்கை. பி. வாசு 2004-இல் ‘ஆப்தமித்ரா’ என்று கன்னடத்தில் எடுத்தபோது, நடனக்காரி தெலுங்கு பேசினாள். 2005-இல் ‘சந்திரமுகி’ தமிழுக்கு வந்தபோதும் அவள் தெலுங்குக்காரி. இந்தியில் மஞ்சுலிகா வங்காளி. மலையாளிக்குத் தமிழச்சி, தமிழனுக்குத் தெலுங்குப் பெண், இந்திக்காரனுக்கு வங்கப் பெண். ஒவ்வொரு மொழியும் தன் பக்கத்து மொழியிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்து தன் வீட்டு அறையில் பூட்டியிருக்கிறது. திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் திரைக்கதை எழுதுபவர்களின் கை தானாகவே அங்கே போனதென்றால், அரசவைகளின் பழைய நினைவு எங்கோ கீழே ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். தமிழ்ப் பார்வையாளர்களாகிய நாம் ‘சந்திரமுகி’யைச் சென்னை சாந்தி அரங்கில் 800 நாள்களுக்கு மேல் ஓடவிட்டோம். (தயாரிப்பாளரின் குடும்ப அரங்கு என்பது வேறு விஷயம்.) மலையாளத்தில் கொல்லப்பட்டவள் நம் ஊர்க்காரி, தமிழில் கொன்றவன் நம் ஊர்க்காரன் என்ற இடமாற்றத்தைப் பற்றி அப்போது எவரும் கவலைப்பட்டதாக நினைவில்லை. போதாததற்கு, மலையாளத்தில் எந்த நட்சத்திரமும் ஏற்காத, முடிவில் வெறும் பொம்மையாக வெட்டுப்படும் அந்தக் கொலைகாரப் பாத்திரத்தைத் தமிழில் ரஜினிகாந்தே ஏற்றார். வேட்டையனுக்குத்தான் கைதட்டல் விழுந்தது.

‘சந்திரமுகி’யில் ஒரு பாம்பும் இருந்தது. பூட்டிய அறையில் பெரிய நாகம் ஒன்று உலவும். கதையில் அதற்கு வேலை கிடையாது. எடுத்துவிட்டாலும் ஒரு காட்சியும் குலையாது. அறைக்குள் ஒருத்தியின் துயரம் இருக்கிறது என்பது மட்டும் அச்சம் தரப் போதாது, விலங்கு ஒன்றும் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். என் நோக்கில், பின்னால் வந்த தொடர்ச்சிப் படங்கள் அனைத்தும் முதற்படத்தைவிட இந்தப் பாம்புக்குத்தான் கூடுதலாகக் கடன்பட்டவை.

‘கீதாஞ்சலி’க்குத் திரும்புவோம். அதில் கீதா, அஞ்சலி என்று இரட்டைச் சகோதரிகள். ஒருத்தி இறந்துவிட, மற்றவளை அவள் நிழல் துரத்துகிறது. 2007-இல் வந்த ‘அலோன்’ என்னும் தாய்லாந்துப் படத்தின் சாயலை விமர்சகர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். கீர்த்தி சுரேஷ் நாயகியாக அறிமுகமான படம். இரண்டு வேடத்தையும் அவர் சிரத்தையோடுதான் செய்திருக்கிறார். குறை நடிப்பில் இல்லை. நாகவல்லி இருந்த இடத்தில் உடன்பிறந்தவள் வந்து அமர்ந்துவிட்டாள்; குறை அதுதான். இரட்டையர் என்றால் ஒரே வீடு, ஒரே மொழி, ஒரே முகம். எவரும் எங்கிருந்தும் கொண்டுவரப்படவில்லை. வீடு எவருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. குற்றம் குடும்பத்துக்குள்ளேயே பிறந்து குடும்பத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. மருத்துவர் சன்னி அங்கே வந்து அவிழ்ப்பதற்கு ஒரு புதிர் இருந்தது. திறப்பதற்கு ஓர் அறை இல்லை.

2022-இல் வந்த ‘பூல் புலையா 2’ படத்திலும் இரட்டையர்தாம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை இயக்கியவர் வேறொருவர், கதையும் வேறு. அரசன் தூக்கிவந்த நடனக்காரி அங்கும் இல்லை. பேயோ, இம்முறை உண்மையான பேய்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பை ஒத்துக்கொள்ளவேண்டும். ‘பூல் புலையா 2’ பெருவெற்றி பெற்றது. கன்னடத்தில் வாசு எடுத்த ‘ஆப்தரக்ஷக’வும் 2010-இல் வென்றது. ஆகவே தொடர்ச்சிப் படம் வரலாற்றைக் கைவிட்டால் தோற்கும் என்று நான் விதி எழுத முடியாது. ‘ஆப்தரக்ஷக’ விஷ்ணுவர்தன் மறைந்து சில வாரங்களில் வெளியான படம். கன்னட மக்கள் அதைப் பார்க்கப் போனதில் துக்கமும் கலந்திருந்தது. அதே கதை அதே ஆண்டில் வெங்கடேஷ் நடிப்பில் ‘நாகவல்லி’ என்று தெலுங்கில் வந்து தோற்றது. எனினும் வசூல் கணக்கை வைத்து நான் பேசவரவில்லை. வென்றவையும் தோற்றவையும் சேர்ந்து முதற்படத்தின் ஒரே ஒரு துணிவைக் கைவிட்டன என்பதே என் வாதம்: பேய் இல்லை, ஆனால் நடந்த கொடுமை உண்டு என்று சொன்ன துணிவு. பேய் உண்டு என்று சொல்லிவிட்டால் கொடுமையைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. பேயை ஓட்டினால் போதும்.

2023 செப்டம்பரில் வந்த ‘சந்திரமுகி 2’ இதன் உச்சம். ராகவா லாரன்ஸ், கங்கனா ரனாவத், மீண்டும் வடிவேலு. இதில் ஆவிகள் ஐயத்துக்கு இடமின்றி உலவுகின்றன. வேட்டையனுக்கு ஒரு முன்கதை கிடைக்கிறது: அவன் அரசனே அல்லன், செங்கோட்டையன் என்னும் படைத்தலைவன். 2005-இல் மருத்துவர் சரவணன் மனநோய் என்று நிறுவிய ஒன்றை, அதே இயக்குநர் பதினெட்டு ஆண்டு கழித்து அதே அரண்மனையில் மறுத்துவிட்டார். கதைத் தொடர்ச்சியில் இப்படி ஓர் ஓட்டை விழுந்ததற்காக ரசிகர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. கொன்றவனுக்கு வரலாறு கூடிக்கொண்டே போகிறது. கொல்லப்பட்டவளுக்கு ஒப்பனை கூடிக்கொண்டே போகிறது.

மலையாளத்தில் இதற்கு இன்னொரு சான்று உண்டு. வினயனின் ‘ஆகாச கங்கா’ (1999) யட்சிப் படம். சிரிப்பும் திகிலும் கலந்தது. கலையழகு குறைவு, ஆனால் உள்ளே ஒரு நெருப்பு இருந்தது. பெரிய வீட்டுப் பிள்ளையைக் காதலித்துக் கருவுற்ற பணிப்பெண்ணை உயிரோடு எரிக்கிறார்கள். அவள் யட்சியாகத் திரும்புகிறாள். 2019-இல் இரண்டாம் பாகம் வந்தபோது, முதற்படத்தில் யட்சியாக நடித்து 2005-இல் மறைந்த மயூரியின் உருவத்தைக் கணினி வரைகலையால் மீட்டெடுத்தார்கள். முகம் கிடைத்தது. அந்த முகத்துக்கு மீண்டும் சொல்ல எதுவும் கொடுக்கப்படவில்லை. படம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று.

இந்தப் பதிவை எழுதத் தொடங்கிய வாரத்தில் ஃபோர்ட் கொச்சியின் வெளிப்பகுதியிலுள்ள தோபிகானாவுக்குப் போயிருந்தேன். மட்டாஞ்சேரிக்கு வரும் தமிழ் மாணவர்களை நான் தவறாமல் அழைத்துச்செல்லும் இடம். அங்கே வெளுப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் குடும்பத்தினர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கத் தங்கள் முன்னோர் அழைத்துவரப்பட்டதாக அவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். அதிகாரத்தின் தேவைக்காகத் தமிழ் நிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்ற வகையில் இவர்களும் நாகவல்லியும் ஒரே பட்டியலில் வருபவர்கள். அவள் கற்பனை, இவர்கள் உண்மை என்பது ஒரு வேறுபாடு. இவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், பேச்சு நின்றது என்பது இன்னொன்று.

அங்கே பெட்டி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இந்தப் படங்களைப் பற்றிப் பேச்சுக்கொடுத்தேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: “அந்தப் பொண்ணு தஞ்சாவூர்க்காரிதானே தம்பி? பாவம், அவளுக்கு இங்க ஒரு சொந்தக்காரங்க இருந்திருந்தா போய்க் கூட்டியாந்திருப்பாங்க.” அவர் என்னைத் தம்பி என்று அழைத்ததும் எனக்குச் சங்கரன் தம்பி நினைவுக்கு வந்தார். தமிழில் பாசமாகக் கேட்கும் சொல், மலை கடந்தால் ஒரு வீட்டின் அதிகாரப் பட்டமாகிறது.

“‘கீதாஞ்சலி’ பார்த்தீங்களா ஐயா?” என்று கேட்டேன்.

“டி.வி.ல போட்டான், பாத்தேன். கத என்னன்னு ஞாபகம் இல்ல தம்பி” என்றார். பிறகு அடுத்த சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.